அருங்காட்சியகத்தில் காளான் படிப்பது எப்படி: கண்ணாடிப் பெட்டியிலிருந்து காகித உறை வரை

யானையின் எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்தால் நூறு வருடம் கழித்தும் அப்படியே நிற்கும். சங்கு, பாறை, வண்டு எல்லாம் அப்படித்தான். காளான் தாங்காது. அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராம் காளானைக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது சுமார் 10 கிராம், சுருண்டுபோன பழுப்புத் தோல். நிறம் போய்விடும், மணம் போய்விடும், வெட்டினால் கசியும் பால் போய்விடும், விரலில் ஒட்டிய வழவழப்பும் போய்விடும்.

அதனால் காளான் கற்க அருங்காட்சியகம் போகிறவருக்கு இரண்டு வேலை இருக்கிறது. மிஞ்சியதைப் படிக்கத் தெரிய வேண்டும். மிஞ்சாமல் போனதை யார், எங்கே எழுதி வைத்தார்கள் என்று தேடத் தெரிய வேண்டும். இரண்டாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதைப் பழகிக்கொண்டவர், மழைக்குப் பின் வயல் வரப்பில் ஒரு காளானைக் கண்டதும் எதை உடனே குறித்துக்கொள்ள வேண்டும் என்று தானாகவே அறிந்துவிடுவார்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான்: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பென்சில், கோடில்லாத நோட்டு, 15 செ.மீ. ஸ்கேல், சின்ன டார்ச். பேனா வேண்டாம். மாதிரிகள் வைத்திருக்கும் உள்ளறைகளில் மை அனுமதிக்கப்படுவதில்லை. ஒரு துளி சிந்தினால், மாதிரியோடு இருக்கும் இருநூறு வருட விவரச் சீட்டு ஒன்று பாழாகும்.

முந்தின இரவு: வீட்டில் ஒரு ஸ்போர் அச்சு

இதைச் செய்யாமல் போனால் கண்ணாடிப் பெட்டியில் பாதி விஷயம் புரியாது. காளான் என்று நாம் சொல்வது பூஞ்சையின் உடல் அல்ல, அதன் பழம் மாதிரி. உடல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் வெள்ளை இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. காளானுக்கு இருக்கும் ஒரே வேலை ஸ்போர்களை, அதாவது விதை போலப் பரவி இனம் பெருக்கும் நுண்ணிய தூளை, உதிர்ப்பது. அந்தத் தூளின் நிறம்தான் காளான் அடையாளத்தின் முதல் படி.

ஒரு சொல்லை இங்கேயே தெளிவாக்கிவிடலாம். சில நூல்களில் ஸ்போரை 'வித்து' என்று எழுதுகிறார்கள். நம் ஊர்க் காளான் பண்ணையில் 'வித்து' என்றால் சோள மணிகளின் மேல் பூஞ்சை இழையை வளர்த்துப் பாலிதீன் பையில் கொடுப்பது. இரண்டும் வேறு. குழப்பம் வராமலிருக்க இங்கே ஸ்போர் என்றே வைத்துக்கொள்வோம்.

கடையில் ஒரு பாக்கெட் சிப்பிக்காளானும் ஒரு பாக்கெட் மொட்டுக்காளானும் வாங்குங்கள். சிப்பிக்காளானில் நன்றாக விரிந்த, ஓரம் காயாத ஒன்றை எடுத்து, தண்டைத் தலைக்கு ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளின் பாதியில் கறுப்புத் தாளை ஒட்டி, இரு நிறமும் சேரும் கோட்டின் மேல் காளானின் மடிப்புகள் கீழே பார்க்கும்படி வையுங்கள். தலையின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடிவிட்டு, மின்விசிறி காற்று படாத மூலையில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் டம்ளரை நேராகத் தூக்கி, காளானை இழுக்காமல் மேலே எடுங்கள். கறுப்புப் பாதியில் வெள்ளையான, லேசாக ஊதா சாயல் கொண்ட கோடுகள் விசிறி போல் விழுந்திருக்கும். வெள்ளைப் பாதியில் அதுவே கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் இரண்டு நிறத் தாள்.

மொட்டுக்காளானில் பலருக்கு அச்சு விழாது. காரணம் எளிது. கடைக்கு வரும் மொட்டில் தலையின் ஓரத்துக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் திரை மூடியிருக்கும். உள்ளே மடிப்புகள் இன்னும் முதிரவில்லை. ஈரத்துணி போர்த்தி ஒன்றிரண்டு நாள் வெளியே வைத்தால் திரை கிழியும், தலை விரியும், இளஞ்சிவப்பாக இருந்த மடிப்புகள் கருக்கத் தொடங்கும். அப்போது அச்சு எடுத்தால் அடர்ந்த சாக்லேட் பழுப்பு. மடிப்பின் நிறமும் ஸ்போரின் நிறமும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு சோதனை சொல்லிவிடும்.

அச்சு விழாமல் போக வேறு காரணங்களும் உண்டு. குளிர்பெட்டியில் பல நாள் கிடந்து மடிப்பு காய்ந்திருக்கும். தண்ணீர் அதிகமாகி அடியில் ஓடி, தூள் கறையாகப் பரவியிருக்கும். அல்லது உள்ளே புழு இருந்து, அதன் கழிவு தாளில் பழுப்பாக இறங்கியிருக்கும். அதை ஸ்போர் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்போர் தூள் விரலில் சந்தனப்பொடி போலச் சீராகத் தேயும், புழுக்கழிவு திரிதிரியாக இருக்கும்.

எந்தக் கூடத்தில் தேடுவது

பழைய அருங்காட்சியகங்களில் காளானுக்கு என்று தனிக் கூடம் இருப்பது அரிது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் காலம் தொட்டு அது தாவரக் கணக்கில்தான் வந்தது. 1969-ல் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரிக்கும் வகைப்பாட்டை முன்வைத்த பிறகே பூஞ்சைகள் தனி உலகம் என்பது பாடப்புத்தகத்தில் நிலைபெற்றது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. அந்த வயதுடைய எந்த நிறுவனத்திலும் தாவரவியல் பிரிவில் போய்க் கேட்பதே முதல் வழி. பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின், அதாவது இறால் ஓட்டிலும் வண்டின் ஓட்டிலும் இருக்கும் பொருள். மரபு உறவிலும் அது செடியைவிட விலங்குக்கே நெருக்கம்.

அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் மரக் கூடம். 1902 முதல் இருக்கும் கோவை காஸ் வன அருங்காட்சியகம் மாதிரி, மரத்துண்டுகளுக்குப் பேர்போன இடங்களில் சிதைந்த மரம் ஏதாவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். மரத்துக்கு நாராக இருப்பது செல்லுலோஸ், அதை இறுக்கிப் பிடிப்பது லிக்னின். மரம் வெளுத்து, நார்நாராகப் பிரிந்தால் பூஞ்சை லிக்னினைத் தின்றிருக்கிறது. பழுப்பாகிச் சிறுசிறு கட்டங்களாக வெடித்திருந்தால் செல்லுலோஸைத் தின்று லிக்னினை விட்டுவிட்டது. காளானே இல்லாமல் காளானின் வேலையைப் படிக்கும் இடம் அது.

மாதிரி உருவங்களைப் பார்க்கும் முறை

உலர்ந்த காளான் பார்வைக்கு உதவாது என்பதால், மெழுகு, களிமண், பிளாஸ்டர், கண்ணாடி என்று பலவற்றில் உருவம் செய்து வைத்தார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜேம்ஸ் சவர்பி களிமண்ணில் செய்த பிரிட்டிஷ் காளான் உருவங்கள் இருக்கின்றன. நச்சுக்காளானை மக்கள் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும் என்பதற்காக ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் உருவானவை அவை. பின்னாளில் வொர்த்திங்டன் ஸ்மித் அவற்றைச் செப்பனிட்டார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காகப் புகழ்பெற்ற கண்ணாடிப் பூக்களைச் செய்த ருடால்ஃப் பிளாஷ்கா, கடைசிக் காலத்தில் பூஞ்சை பிடித்து அழுகும் ஆப்பிள், பீச் முதலிய பழங்களையும் கண்ணாடியில் வடித்தார். அந்த அழுகலை நுணுக்கமாகப் பார்த்தவருக்குத் தோட்டத்தில் நோய் கண்டுபிடிப்பது எளிதாகும்.

ஒரு எச்சரிக்கை: மாதிரி உருவத்தின் வடிவத்தை நம்பலாம், நிறத்தை அப்படியே நம்பக் கூடாது. வண்ணம் மங்கியிருக்கும், அல்லது யாராவது மறுபடி பூசியிருப்பார்கள்.

பத்துப் பெட்டிகளை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரே பெட்டிக்கு இருபது நிமிடம் கொடுங்கள். உருவத்தை நடுவில் நெடுக்காக வெட்டினால் எப்படி இருக்கும் என்று நோட்டில் வரையுங்கள். வரையும்போது நான்கு இடங்களில் கண்ணை நிறுத்துங்கள்.

முதலாவது, தலையின் அடிப்பக்கம். மீன் செவுள் போல மடிப்பு மடிப்பாக இருக்கிறதா, ஊசியால் குத்திய மாதிரி துளைகளா, முட்களா? செவுள் என்றால் அது தண்டைத் தொடாமல் நிற்கிறதா, ஒட்டி நிற்கிறதா, தண்டின் மேல் வழிந்து கீழே இறங்குகிறதா? முந்தின இரவு பார்த்த சிப்பிக்காளானில் வழிந்து இறங்கியிருக்கும், விரிந்த மொட்டுக்காளானில் தொடாமல் நிற்கும். வீட்டில் பார்த்ததை இங்கே ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, தண்டில் வளையம் இருக்கிறதா என்பது. மொட்டில் கிழிந்த அந்தத் திரையின் மிச்சம்தான் வளையம். மூன்றாவது, தலையின் மேல் ஒட்டியிருக்கும் திட்டுகள். உலகம் முழுக்க எல்லாக் காளான் பெட்டியிலும் இருக்கும் சிவப்புத் தொப்பி, வெள்ளைப் புள்ளிக் காளானான அமானிட்டா மஸ்காரியாவில் அந்தப் புள்ளிகள் தோலின் பகுதி அல்ல, இளம் பருவத்தில் முழுக் காளானையும் மூடியிருந்த உறையின் துணுக்குகள். கனமழையில் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் புள்ளி இல்லாத சிவப்புக் காளானும் அதுவாகவே இருக்கலாம். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரங்களோடு நீலகிரிக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

நான்காவது, தண்டின் அடி. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அமானிட்டா இனங்களில் பலவற்றின் அடியில் கோழிமுட்டை ஓட்டை உடைத்து நட்டது போல ஒரு கிண்ணம் இருக்கும். நாம் உண்ணும் வைக்கோல் காளானிலும் அதே கிண்ணம் உண்டு. ஆனால் வைக்கோல் காளானுக்கு வளையம் கிடையாது, ஸ்போர் அச்சு இளஞ்சிவப்பு. உயிரைக் குடிக்கும் அமானிட்டா ஃபலாய்டஸுக்கு வளையம் உண்டு, அச்சு வெள்ளை. முட்டைப் பருவத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறியவர்கள், ஊரில் பறித்துச் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று நினைத்து இதைச் சமைத்து இறந்திருக்கிறார்கள். அவர்கள் அறியாமையில் பறிக்கவில்லை. தம் ஊர்க் காளானைப் பற்றிய அறிவு புது மண்ணில் பொருந்தாமல் போனது.

சாப்பாட்டைப் பற்றி

அருங்காட்சியகத்தில் கற்றதை வைத்துக் காட்டுக் காளானைச் சமைக்கக் கூடாது. ஏன் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. மழைக்குப் பின் புல்வெளியிலும் பள்ளி மைதானத்திலும் வெள்ளைக் குடை போல, சில நேரம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முளைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் பார்க்க அவ்வளவு அழகு. வெள்ளைத் தலை, பழுப்புச் செதில், தண்டில் அசையும் வளையம். இளசில் செவுளும் வெள்ளை. வாசனையும் மோசமில்லை. தின்றவர் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாகக் கிடப்பார். காட்டிக்கொடுக்கும் ஒரே எளிய அடையாளம் ஸ்போர் அச்சு: மங்கிய பச்சை. வேறு எந்தக் குடைக்காளானிலும் அந்தப் பச்சை விழுவது மிக அரிது. வெள்ளைச் செவுளை மட்டும் பார்த்து, அச்சு எடுக்காமல், பால் காளான் என்று எண்ணினால் நேராக மருத்துவமனைதான்.

மஞ்சள் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, பூச்சி அரித்தால் நல்லது என்பது எல்லாமே பொய். அமானிட்டா ஃபலாய்டஸின் நஞ்சு வெள்ளியைத் தொடாது, கொதித்தாலும் அழியாது. அதைத் தின்னும் புழுக்களும் நன்றாகவே வாழ்கின்றன. அந்த நஞ்சு 6 மணி நேரத்துக்குப் பிறகே வேலையைக் காட்டும். முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு ஒரு நாள் தேறியது போல ஒரு தோற்றம், அதன் பின் ஈரல் செயலிழப்பு. தேறிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. யாராவது தின்றுவிட்டால் உடனே மருத்துவமனை போங்கள், மிச்சம் இருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

உலர்ந்தும் உருக்குலையாதவை

எல்லாக் காளானும் சுருங்கிப்போவதில்லை. மரத்தில் தட்டு போல முளைக்கும் காளான்கள் கட்டை போலவே காய்ந்து நிற்கும். தொடங்குவோருக்கு இவைதான் சிறந்த பாடம், ஏனென்றால் பெட்டியில் பார்ப்பதும் வெளியில் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்று. கேனோடெர்மாவைத் தேடுங்கள்: மேலே அரக்கு பூசிய மாதிரி செம்பழுப்பு மினுமினுப்பு, கீழே வெளிர்நிறத் துளைகள். ஸ்கேலை அருகில் பிடித்து, லென்ஸ் வழியாக 1 மி.மீ. நீளத்தில் எத்தனை துளைகள் என்று எண்ணுங்கள். இந்த எண்ணிக்கை இனத்தைப் பிரிக்க உண்மையிலேயே பயன்படுகிறது. டெல்டா விவசாயிகளுக்கு இது புதிய காளானும் அல்ல. 1952 புயலுக்குப் பின் தென்னந்தோப்புகளில் கவனத்துக்கு வந்த தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் இந்தக் குடும்பம்தான். மரத்தின் அடியில் தட்டு வெளியே தெரியும்போது பூஞ்சை வெகுகாலமாகவே வேரில் இருந்திருக்கும்.

இன்னொன்று போடாக்ஸிஸ். கறையான் புற்றின் மேல், மழைக்குப் பின், உருளையான வெள்ளைத் தலையோடு நீண்டு நிற்கும். மூடிய குடையைத் தலைகீழாகப் பிடிக்காமல் நேராக நட்டது போல. தலை விரிவதே இல்லை. தலைக்குள் செவுள் அடுக்குக் கலைந்து கரும்பழுப்புத் தூளாக நிறைந்திருக்கும். தண்டு மரக்குச்சி போல இறுகும். அதே உருவமுள்ள மைக்காளான் ஒன்று உண்டு. அது ஒரே நாளில் தன்னைத்தானே கரைத்துக் கறுப்பு மையாகச் சொட்டிவிடும், அருங்காட்சியகத்துக்கு மிஞ்சுவது ஒரு கறை மட்டும். போடாக்ஸிஸோ வறண்டே சாகிறது, வறண்டே நிலைக்கிறது. தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக் அனுப்பிய மாதிரியைக் கொண்டு லின்னேயஸ் 1771-ல் அதற்குப் பெயரிட முடிந்தது அதனால்தான். அவ்வளவு தூரக் கப்பல் பயணத்தை வேறு எந்த மென்காளானும் தாங்கியிருக்காது.

சீட்டைப் படிப்பது

இப்போது மாதிரியை விட்டுவிட்டு அதன் சீட்டுக்கு வாருங்கள். நல்ல சீட்டில் இருக்க வேண்டியவை: பெயர், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, எதன் மேல் முளைத்தது, பக்கத்தில் என்ன மரம், புதிதாக இருந்தபோது நிறமும் மணமும், சேகரித்தவர் பெயரும் அவருடைய எண்ணும், பெயரை உறுதிசெய்தவர் யார், எப்போது.

பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கெழுத்துகளைத் தாண்டிப் போகாதீர்கள். போடாக்ஸிஸ் பிஸ்டில்லாரிஸ் என்ற பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் 'எல்.' என்றும் வெளியே 'ஃப்ரீஸ்' என்பதன் சுருக்கமும் இருக்கும். இனத்தை முதலில் பெயரிட்டவர் லின்னேயஸ், அவர் வேறு பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) வைத்திருந்ததை இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர் எலியாஸ் ஃப்ரீஸ் என்று பொருள். ஒரு வரியில் அந்தக் காளானின் வரலாறு இருக்கிறது. ஒரே உறையில் வெவ்வேறு கையெழுத்தில் மூன்று பெயர்ச் சீட்டுகள் இருந்தால் அது குழப்பம் அல்ல. மூன்று தலைமுறை அறிஞர்கள் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

சிவப்பு ஓரம் போட்ட, அல்லது தனிச் சிவப்பு உறையில் இருக்கும் மாதிரியைக் கண்டால் அது மூலமாதிரி. ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தபோது கையில் இருந்த அதே காளான். நீலகிரியில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெர்ரோட்டே சேகரித்த பூஞ்சைகளை வைத்து, பிரெஞ்சுப் பூஞ்சை அறிஞர் காமிய் மோந்தாஞ் 1842-ல் பல புதிய இனங்களை விவரித்தார். அவருடைய சேகரிப்பு பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று உதகையில் ஒரு காளானுக்குச் சரியான பெயர் வேண்டுமென்றால் பாரிஸில் இருக்கும் உறையைத் திறக்க வேண்டி வரலாம். லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் பூஞ்சைக் காப்பகத்தில் மட்டும் சுமார் 12.5 லட்சம் மாதிரிகள். 1879-ல் ஆங்கிலேயப் பூஞ்சை அறிஞர் மைல்ஸ் பெர்க்லி கொடுத்த சேகரிப்புதான் அதற்கு அடித்தளம்.

சீட்டு எழுதும் கண் நம் மொழிக்குப் புதிதல்ல. காளானுக்குப் பழந்தமிழ்ச் சொல் ஆம்பி. சிறுபாணாற்றுப்படையில் வறியவர் வீட்டு அடுக்களையைச் சொல்லும்போது, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் பூத்த 'புழற்கால் ஆம்பி' என்று வருகிறது. புழற்கால் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு. எதன் மேல் முளைத்தது, எந்தச் சூழல், தண்டு எப்படி என்று மூன்றும் அதில் இருக்கின்றன. நல்ல சீட்டுக்கு வேண்டிய தரவு அது.

உள்ளறைக்கு அனுமதி கேட்பது

காட்சிக்கூடத்தில் இருப்பது சேகரிப்பில் சிறு துளி. மீதி உள்ளே இழுப்பறைகளில் இருக்கிறது. பொறுப்பாளருக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கடிதம் எழுதுங்கள். "காளான்களைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் பதில் வராது, வந்தாலும் பயன்படாது. "கேனோடெர்மாவின் உலர்மாதிரிகள் ஐந்தாறை, துளை எண்ணிக்கை ஒப்பிட, ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் அவரால் எடுத்துவைக்க முடியும்.

உள்ளே போனதும் உறையை மேசையில் படுக்கவைத்தே திறக்க வேண்டும். கையில் தூக்கிப் பிரித்தால் துணுக்குகள் உதிரும், உதிர்ந்த துணுக்கு எந்த உறையுடையது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு உறை மட்டுமே திறந்திருக்கட்டும். பழைய சீட்டில் எதையும் எழுதாதீர்கள். கையுறை கேளுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க முற்காலத்தில் பாதரச உப்பைப் பூசும் வழக்கம் காப்பகங்களில் இருந்தது. அது நூறு வருடம் கழித்தும் தாளில் இருக்கும்.

நுண்ணோக்கி இருந்தால், உங்கள் வீட்டு மொட்டுக்காளான் செவுளில் மயிரிழை அளவு ஒரு சீவலை எடுத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள். 400 மடங்கில், செவுளின் ஓரத்தில் கதாயுதம் போன்ற செல்களும் அவற்றின் நுனியில் கொம்புகளும் தெரியும். பெரும்பாலான காளான்களில் ஒரு செல்லுக்கு நான்கு ஸ்போர். நாம் கடையில் வாங்கும் மொட்டுக்காளானில் இரண்டு. அகாரிகஸ் பைஸ்போரஸ் என்ற பெயரில் வரும் 'பைஸ்போரஸ்' அதைத்தான் சொல்கிறது. உலர்மாதிரி என்றால் சீவலை 3 முதல் 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்தால் செல்கள் மறுபடி உப்பி, பார்க்கும் நிலைக்கு வரும். மூலமாதிரியில் இதைச் செய்யக் கேட்கவே கூடாது.

உங்கள் சொந்த மாதிரி

இதுவரை பிறர் சேகரித்ததைப் படித்தீர்கள். ஒரு காளானையாவது நீங்களே மாதிரியாக்கினால்தான் மேலே சொன்னவை கையில் ஏறும். சொந்த வயல், வீட்டுத் தோட்டம், கேட்டு அனுமதி பெற்ற தோப்பு போதும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி சார்ந்த விஷயம், தபாலில் போட்டுவிடாதீர்கள்.

பிடுங்குவதற்கு முன் படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சுற்றியுள்ள மரம் தெரிய ஒன்று. பிறகு பறிக்காமல் தோண்டுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் அடிக்கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும், அமானிட்டாவை அடையாளம் காட்டும் பகுதியே போய்விடும். புற்றுக்காளானில் இழப்பு இன்னும் பெரிது. அதன் தண்டு மண்ணுக்குள் வேர் போல நீண்டு, சில இடங்களில் முழ ஆழத்துக்கும் கீழே, கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை போகிறது. கரணையோடு பொறுமையாகத் தோண்டினால் அடியில் கடற்பஞ்சு போன்ற சாம்பல் பழுப்புக் கூடும், அதன் மேல் கடுகளவு வெள்ளை உருண்டைகளும் தெரியும். அந்த உருண்டைகள் கறையானின் சாப்பாடு. பல காட்சிப் பெட்டிகளில் இந்த நீண்ட பகுதி வெட்டப்பட்டே இருக்கிறது, தோண்டச் சோம்பியவரின் வேலை.

மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது என மூன்று பருவமும் எடுங்கள். காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து, வீடு சேர்வதற்குள் கூழாகும். மைக்காளான் கையில் இருந்தால் வேறு எதையும் தொடாமல் முதலில் அதைக் கவனியுங்கள், சில மணி நேரத்தில் கரைந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை எழுதுவது. நெடுக்காக வெட்டி, சதையின் நிறத்தை அப்போதே, 1 நிமிடத்தில், 5 நிமிடத்தில், 10 நிமிடத்தில் குறியுங்கள். சில காளான்கள் நீலமாகும், சில சிவக்கும், சில அப்படியே இருக்கும். மணத்தை ஊரில் உள்ள பொருளோடு ஒப்பிட்டு எழுதுங்கள்: அரிசி மாவு, பச்சை முள்ளங்கி, கருவாடு. "நல்ல மணம்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. ஒரு தலையில் ஸ்போர் அச்சு வையுங்கள். தலையின் உட்சதையில் பட்டாணி அளவு கிள்ளி, சிலிக்கா ஜெல் போட்ட சிறு புட்டியில் மூடினால் பின்னாளில் மரபணு ஆய்வுக்கு ஆகும்.

அடுத்து உலர்த்தல். 40 முதல் 45 டிகிரி, காற்று ஓட்டத்தோடு, 12 முதல் 24 மணி நேரம். பழம் உலர்த்தும் மின்பெட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் உயரமான அட்டைப்பெட்டியில் அடியில் காற்றுத்துளை போட்டு, 40 வாட் இழை பல்பு ஒன்றைப் பொருத்தி, பல்புக்கு 20 செ.மீ. மேலே கொசுவலைக் கம்பி கட்டி அதன் மேல் காளானைப் பரப்புங்கள். மேற்புறம் திறந்தே இருக்கட்டும். வெப்பமானியை வலையின் மேல் வையுங்கள். அட்டையில் பல்பு படக்கூடாது, ஆள் இல்லாத வீட்டில் எரியவிடவும் கூடாது. 50 டிகிரியைத் தாண்டினால் காளான் காயாமல் வேகும், திசு கெட்டியாகிக் கறுத்துவிடும். வெப்பம் குறைந்தால் உள்ளே அழுகிப் பூசணம் பிடிக்கும். ஐப்பசி மழையில் வெயிலை நம்பிக் காயவைத்தால் இதுதான் கதி. தடித்த காளானை இரண்டாகப் பிளந்து வையுங்கள். அப்பளம் போல ஒடிந்தால் ஆயிற்று; வளைந்தால் ஆகவில்லை.

காய்ந்ததை உடனே உறையிலிட வேண்டும், ஈரக்காற்றில் இரண்டு மணி நேரம் கிடந்தாலே மறுபடி தளர்ந்துவிடும். ஏ4 தாளை நெட்டாக வைத்து, கீழ் ஓரத்தை மேலே மடியுங்கள், மேலே 5 செ.மீ. மிஞ்சட்டும். இரு பக்கமும் 3 செ.மீ. பின்னால் மடியுங்கள். மிஞ்சிய 5 செ.மீ.-ஐ மூடியாக முன்னால் மடியுங்கள். 15 செ.மீ. அகல உறை தயார். பசை வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளித்து உரிந்து எழுத்தையும் கொண்டுபோகும். முன்பக்கத்தில் பென்சிலால் சீட்டு விவரம் முழுவதும். ஸ்போர் அச்சைத் தனியே மடித்து உள்ளே வையுங்கள்.

கடைசியாகப் பூச்சி. மளிகைக் கடையில் மல்லியையும் மிளகாயையும் அரிக்கும் சின்னப் பழுப்பு வண்டுகளுக்கு உலர்ந்த காளான் விருந்து. உறையைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி உறைகுளிர்ப் பெட்டியில், மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே அறை வெப்பத்துக்கு வந்த பின் பிரியுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த மாதிரியின் மேல் ஈரம் படியும்.

ஒவ்வொரு உறைக்கும் 1 முதல் தொடங்கும் உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள், ஒரு எண்ணை இரண்டாம் முறை பயன்படுத்தாதீர்கள். சி. வி. சுப்ரமணியன் போன்றோர் பணியாற்றிய சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையம் போல, பூஞ்சை ஆய்வு நடக்கும் துறைக்கு முதலில் படமும் குறிப்பும் அனுப்பிக் கேளுங்கள். மாதிரியை ஏற்றுக்கொண்டால் அவர்கள் ஒரு சேர்ப்பு எண், அதாவது தங்கள் சேகரிப்பில் அதற்கான பதிவு எண், தருவார்கள். அதை உங்கள் நோட்டில், அந்தக் காளானின் வெட்டுப்படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.